வெளியே வைத்த பானை

கல்லறைத் திருநாளுக்குச் சேரியில் எல்லோரும் மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு போவார்கள். சவுரிராயன் பெண்சாதி அம்மணி மட்டும் ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவாள்.

பெருமுக்கல் மலைக்குத் தெற்கே, ஏரிக்கரை முடிகிற இடத்தில் கள்ளியும் காரையும் மண்டிக் கிடக்கும் மேட்டு நிலம்தான் கல்லறை. சிமெண்டுச் சிலுவை வைத்தது ஒன்றே ஒன்று. அது உபதேசியார் ராயப்பனின் தகப்பனாருடையது. மற்றதெல்லாம் மண்மேடு. மழையில் கரைந்து தரையோடு தரையாகிப் போனதைத் திருநாளுக்கு முன்னால் மண்வெட்டியால் கூட்டி, சாணி மெழுகி, சாமந்திப்பூ வைத்து மறுபடி மேடாக்குவார்கள். அவர்களுடைய மூத்த மகள் பூமாலையின் மேடு ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்த அளவுதான் இருக்கும். அம்மணி அதன் தலைமாட்டில் குந்தி, செம்பைச் சாய்த்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள். செபம் சொல்ல மாட்டாள். அழவும் மாட்டாள். ஊற்றி முடித்ததும் செம்பைக் கவிழ்த்து உதறிவிட்டு எழுந்துவிடுவாள்.

சவுரிராயன் அப்போது கிட்டே இருக்கமாட்டான். மேட்டைக் கூட்டிக் கொடுப்பதோடு சரி. அவள் செம்பைக் கையில் எடுத்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியோரத்துப் பனைமரத்துக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி நிற்பான்.

"ஊரே மழையில ஊறிக்கினு கிடக்குது, இவ ஒருத்தி மண்ணுக்குத் தண்ணி மொண்டுகினு வர்றா. இன்னா அம்மணி, நாத்து வுட்டிருக்கிறியா?" என்று பாஞ்சாலி ஒருமுறை கேட்டாள்.

பாஞ்சாலி வேதக்காரி இல்லை. அடுத்த வீட்டுக்காரி, அம்மணியோடு சேர்ந்து மண் சுமப்பவள். திருநாளைப் பார்க்க வந்திருந்தாள். அவள் ஒன்று சொன்னால் அம்மணி இரண்டு சொல்வது வழக்கம். அன்றைக்கு அம்மணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தான் என்ன கேட்டோம் என்பது பாஞ்சாலிக்கு அப்புறம்தான் உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். அதற்குப் பிறகு அந்தச் செம்பைப் பற்றி அவள் கேலி பேசியதில்லை.

சவுரிராயன் கிணறு வெட்டுகிறவன். பங்குனி பிறந்து, ஏரி வற்றி, கிணறுகளில் தண்ணீர் அடிக்குப் போனதும் அவனைத் தேடி ஆள் வரும். அந்தப் பக்கத்து மண் ஆளுயரம் இறங்குவதற்குள் சுக்கான்பாறையாகிவிடும். சுக்கானுக்குக் கீழே கருங்கல். மண் வெட்ட யார் வேண்டுமானாலும் வரலாம். கல் தலைகாட்டியதும் சவுரிராயன் இறங்குவான். ஒருவன் உளிக்கம்பியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொடுக்க, இவன் சம்மட்டி போடுவான். முழங்கையளவு துளை இறங்கியதும் வெடிமருந்தைக் கெட்டித்து, திரியைப் பற்றவைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்து மேலேறி வந்து புங்கமரத்துக்குப் பின்னால் உட்காருவான். வெடித்த புகை அடங்குமுன்பே பெண்கள் இறங்கிவிட வேண்டும். சுவரோரம் வெட்டிவிட்ட படிகளில் வரிசையாக நின்று கல்லும் மண்ணுமாகக் கூடையைக் கைமாற்றி மேலே அனுப்ப வேண்டும். உச்சி வெயிலில் குழிக்குள் காற்று நிற்கும். மருந்து நெடியில் தொண்டை எரியும். மதியத்துக்குக் கேப்பைக் கூழ், ஒரு வெங்காயம், ஆண்டை வீட்டில் மனசு வைத்தால் கைப்பிடி மல்லாட்டை.

கிணற்று வேலையில் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெட்டி முடித்து, நிலத்துக்காரர் பொங்கல் வைத்துப் பூசை போடுகிறவரை, கல்லிடுக்கில் ஊறுகிற தண்ணீரை வெட்டுகிறவர்கள் குடிக்கலாம், மொண்டும் போகலாம். பூசை முடிந்த மறுநாளிலிருந்து அந்தக் கிணற்றுப் பக்கமே அவர்கள் போகக் கூடாது. சுற்று வட்டாரத்தில் பாதிக் கிணறு சவுரிராயன் சம்மட்டி பட்டதுதான். பூசைக்குப் பிறகு ஒன்றிலும் அவன் வாய் நனைத்ததில்லை. சேரிக்குக் குடிதண்ணீர் ஏரிக்குள் தோண்டிய ஊற்றுக்குழியில். கோடையில் அதையும் கொட்டாங்குச்சியால் சுரண்டிச் சுரண்டித்தான் பானையை நிரப்ப வேண்டும். அதே குழியில்தான் ஆடும் வாய் வைக்கும்.

பூமாலை நடை பழகியது குழிமேட்டில்தான். பேச்சு வந்ததும் அவளுக்கு ஒரு விளையாட்டு வந்தது. புங்கமரத்தடியிலிருந்து எழுந்து வந்து, குழி விளிம்புக்கு எட்டக் கிடக்கும் கல்லில் வயிற்றை அழுத்திப் படுத்துக்கொண்டு, "யப்பா, தண்ணி வந்துச்சா?" என்று கத்துவாள். கீழே சம்மட்டி நிற்கும். "வருது வருது" என்பான் சவுரிராயன். அவள் போய் உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவாள்.

"உங்கப்பன் நெத்தியில வந்துச்சி, வாங்கிக் குடி" என்பாள் பாஞ்சாலி, கூடையைக் கைமாற்றிக்கொண்டே. படியில் நிற்கிற பெண்களெல்லாம் சிரிப்பார்கள்.

ஊற்று திறந்ததும் முதல் கொட்டாங்குச்சித் தண்ணீர் கைமாறிக் கைமாறிப் படியேறி பூமாலைக்குப் போகும். சவுரிராயன் வைத்த ஏற்பாடு அது. கலங்கலாக, மருந்து வாடையோடு இருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள்.

அவள் போனது ஒரு சித்திரையில். விடிந்ததும் கூழ் குடித்துவிட்டுத் தெருவில் ஆட்டுக்குட்டியை விரட்டிக்கொண்டிருந்தவள், வெயில் ஏறுவதற்குள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தாள். கண் உள்ளே போய்விட்டது. விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிற்று. திண்டிவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், வண்டிக்கு ஆண்டையைக் கேட்க வேண்டும். வாந்திபேதி என்று தெரிந்தால் யாரும் மாட்டை அவிழ்க்கமாட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். ராயப்பன் வந்து தெருவில் நின்றபடியே செபம் சொல்லிவிட்டுப் போனார். பாஞ்சாலி வசம்பைச் சுட்டுக் கரியாக்கித் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள். தண்ணீர் மட்டும் கொடுக்கக் கூடாது என்றாள். அவள் மட்டும் சொல்லவில்லை, தெருவே சொன்னது. வயிற்றில் போகிற தண்ணீர்தான் பேதியாக வருகிறது, வரத்து நின்றால் போக்கும் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஏரிக்கு மதகு வைத்துப் பழகிய ஜனங்கள். அவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

பூமாலை கேட்டுக்கொண்டே இருந்தாள். "யம்மா, ஒரு வாய்." அம்மணி ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தாள். குழந்தை அந்தத் துணியைப் பல்லால் பிடித்துச் சப்பியது. துணியையும் பிடுங்கச் சொன்னார்கள். அப்புறம் பாயைவிட்டு உருண்டு, மூலையிலிருந்த பானையை நோக்கிக் கையை ஊன்றி நகர்ந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் சவுரிராயன் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வேலியோரம் வைத்துவிட்டு வந்தான். குழந்தை பானை போன வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

பொழுது சாயும் நேரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டது.

"தாகம் அடங்கிடுச்சி. இனிமேக்கொண்டு பயமில்ல" என்றாள் பாஞ்சாலி. எல்லோரும் அதை நம்பினார்கள். சவுரிராயன் தெருவில் போய் நின்று ஒரு பீடி பற்றவைத்தான். அம்மணி, குழந்தை கண் விழித்தால் கேட்குமே என்று கஞ்சி வைக்க அடுப்பை மூட்டினாள். உலை கொதிக்கிறதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தப் பானையை யார் உள்ளே எடுத்து வந்தார்கள் என்று இருவருக்கும் ஞாபகமில்லை. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதும் இல்லை. சவுரிராயன் வீட்டுக்குள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டான். செம்பை வெளியே எடுத்துப்போய், யாரும் பார்க்காத பக்கமாகத் திரும்பி நின்று குடிப்பான். அம்மணி பானையை மூலையிலிருந்து எடுத்துக் குழந்தைக்குக்கூட எட்டுகிற மாதிரி நடுவீட்டில் குழி பறித்துப் பதித்து வைத்தாள். போக வர எல்லோருடைய காலிலும் இடறியது. யார் சொல்லியும் அதை நகர்த்த அவள் சம்மதிக்கவில்லை.

மறு வருஷம் செண்பகம் பிறந்தாள்.

சப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு திண்டிவனம் ரயிலடியில் வந்து இறங்கிய கோடையில் அவளுக்கு நாலு வயசு. வாந்திபேதியும் அவர்களோடு இறங்கியது என்று சிலர் சொன்னார்கள். ஏரித் தண்ணீரிலேயே இருந்தது என்று சிலர் சொன்னார்கள். மேற்கே கோதண்டபாணி ஆண்டை நிலத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். கல் கெட்டி, மருந்தும் சண்டையால் கிடைப்பது அரிதாகிப்போனதால் உளியும் ஆப்புமாகவே உடைத்துக்கொண்டிருந்தார்கள். முதல்நாள்தான் ஊற்று திறந்திருந்தது. வடக்குச் சுவர் இடுக்கிலிருந்து விரல் தண்டியில் தண்ணீர் வந்து அடியில் முழங்கால் அளவு நின்றது.

செண்பகத்துக்கு அக்காளின் விளையாட்டெல்லாம் தெரியாது. அவள் மரத்தடியில் தானே பேசிக்கொண்டு கல்லடுக்குகிற பெண். அன்றைக்குப் பேச்சுச் சத்தம் கேட்கவில்லையே என்று படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மணி, கூடையைக் கீழே இருப்பவள்மேலேயே போட்டுவிட்டு ஓடினாள். குழந்தை தன் வாந்தியில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தது.

வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் இரண்டு தரம் போய்விட்டது. அதே வேப்பிலை, அதே வசம்பு. பாஞ்சாலியும் அதே பாஞ்சாலிதான், தலைமட்டும் நரைத்திருந்தது. வாசலில் பெண்கள் கூடி, நனைத்த துணிகூட வேண்டாம் என்றார்கள். செண்பகம் நாக்கை நீட்டி உதட்டைத் தடவிவிட்டு, "யம்மா, தண்ணி" என்றது.

சவுரிராயன் குனிந்து, மண்ணில் பதித்திருந்த பானையைப் பிடுங்கித் தூக்கினான். அம்மணி எழுந்து வாசலை மறித்து நின்றாள்.

"பானைய வையி."

"நவுரு மே. பாஞ்சாலி சொல்றது காதுல வுழலியா உனக்கு?"

"வுழுது. அப்பவும் வுழுந்துச்சி."

"குடுத்தா செத்துடும்மே."

"சாவட்டும்" என்றாள் அம்மணி. குரல் எழும்பவே இல்லை. "குடிச்சிட்டுச் சாவட்டும். இன்னொரு புள்ள வாயப் பொளந்துகினு என் மூஞ்சியப் பாத்துகினு கிடக்கிறத என்னால பாக்க முடியாது. பானையத் தூக்கிக்கினு இந்த வாசலத் தாண்டினியானா, நான் ஏரிக்குழியில போயி வுழுந்துடுவேன். வையி கீழ."

பெண்கள் முணுமுணுத்தார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது, மூத்ததைக் கொடுத்ததில் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். சவுரிராயன் பானையைக் கையில் வைத்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் இறக்கி வைத்தான். அம்மணி செம்பில் மொண்டு, குழந்தையின் தலையை மடியில் தூக்கிவைத்து ஊற்றினாள். அது மடக் மடக்கென்று குடித்துவிட்டு அப்படியே வாந்தி எடுத்தது. "பாத்தியா" என்றது வாசல். அம்மணி மறுபடி ஊற்றினாள்.

பானையில் அடி வண்டல்தான் மிச்சமிருந்தது. சவுரிராயன் குடத்தை எடுத்துக்கொண்டு போனான். ஊற்றுக்குழிக்குப் போகவில்லை. ஆண்டை நிலத்துக்குப் போய், ஆள் இல்லாத குழியில் இறங்கி, கல்லிடுக்கில் குடத்தின் வாயை வைத்துப் பிடித்தான். நிறையும்வரை அந்த விரல் தண்டி ஊற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். கரையில் நின்ற கோதண்டபாணி, பூசை ஆகவில்லையே, எடுத்துப் போ என்றார். கிட்டே மட்டும் வரவில்லை.

பாஞ்சாலி தன் வீட்டுக்குப் போய், பொங்கலுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த அரிசியைக் கொண்டுவந்து அடுப்பில் போட்டாள். அவள் சொன்னது எடுபடாமல் போனதில் அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. வடித்த கஞ்சியில் உப்பைப் போட்டு ஆற்றிக் கொடுத்தாள். "ஊத்துறதுதான் ஊத்துற, இத்த ஊத்து. வவுத்துல ஒட்டட்டும்." குழந்தை கக்கியது, கொடுத்தார்கள். கழிந்தது; துடைத்துப்போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் வெயில் இறங்கும் நேரத்தில் செண்பகம் கண்ணை விழித்துக் கூழ் கேட்டது.

சேரியே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. ராயப்பன் இம்முறை வீட்டுக்குள்ளேயே வந்து செபம் சொன்னார். பாஞ்சாலி தான்தான் காப்பாற்றியதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அம்மணி மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு வந்தாள், கூடை தூக்கினாள். படியில் நின்றால், கைமாற்ற வந்த கூடையைப் பிடித்தபடியே நின்றுவிடுவாள்.

கிணற்று வேலை முடிகிற சமயம். மதியக் கூழுக்கு உட்கார்ந்திருந்தார்கள். பாஞ்சாலிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா பேஜாரு மே உன்னோட? செத்ததுக்குத்தான் அழுவாங்க. நீ பொழச்சதுக்கு அழுவுறியே."

அம்மணி கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாள். "அப்ப அதுவும் பொழச்சிருக்கும் இல்ல?"

பாஞ்சாலியின் வாயில் வெங்காயம் அப்படியே நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் உளியைத் தீட்டிக்கொண்டிருந்த சவுரிராயன் கை நின்றது.

"அப்படிச் சொல்ல முடியுமா?" என்றாள் பாஞ்சாலி. "கீழத்தெருவுல பேதியில கிடந்த பையனுக்கு உன்னப் பாத்துட்டுத்தான் ஊத்து ஊத்துன்னு ஊத்துனாங்க. அவன் பொழச்சானா?"

"பொழைக்கல. ஆனா குடிச்சிட்டுப் போனான்."

பாஞ்சாலி எழுந்து போய்விட்டாள். சவுரிராயன் உளியைத் துடைத்துப் பையில் போட்டான். மரத்தைச் சுற்றி வந்து அம்மணிக்கு எதிரில் குந்தினான்.

"நான்தான வெளிய கொண்டுபோயி வெச்சேன்" என்றான். "உனக்கு எம்மேல இருக்கிறது எனக்குத் தெரியும். சொல்லிடு மே. சொல்லாம இருக்கிறதுதான் தாங்கல."

"எனக்குக் கால் இல்லியா?" என்றாள் அம்மணி. "வேலியோரந்தான இருந்துச்சி. எழுந்து போயி ஒரு செம்பு மொண்டாந்திருந்தா நீ என்னக் கொன்னா போட்டிருப்ப? நானுந்தான் உக்காந்துகினு இருந்தேன். கேக்கறத வுட்டதும் எனக்கு எம்மாஞ் சந்தோசம் தெரியுமா உனக்கு? அடுப்ப மூட்டிக்கினே கும்பிட்டேன்."

அவன் தரையில் கிடந்த கல் சில்லை எடுத்து வேறொரு கல்லின் மேல் வைத்தான். செண்பகம் அடுக்கிவைத்திருந்தது அது. "யப்பா யப்பான்னு மேலேருந்து கத்தும்" என்றான். "தண்ணி வந்துச்சான்னு கேக்கும். இப்பவும் சம்மட்டி போட்டா கேக்குது." இத்தனை வருஷத்தில் அந்தக் குழந்தையைப் பற்றி அவன் வாயால் சொன்ன முதல் பேச்சு அதுதான். அம்மணி அவன் கூழைக் கலக்கி அவன் பக்கம் நகர்த்தினாள்.

ஆடியில் கோதண்டபாணி பொங்கல் வைத்துப் பூசை போட்டார். மறுநாளிலிருந்து அந்தக் கிணறும் மற்றக் கிணறுகளோடு சேர்ந்துவிட்டது.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை இறங்கவில்லை. காற்று மட்டும் புழுதியை வாரிக்கொண்டு அடித்தது. கல்லறைமேடு கரையவில்லை, வெடித்துக் கிடந்தது. கூட்டுவதற்கு மண்ணே பெயரவில்லை. சவுரிராயன் கடப்பாரை கொண்டு வந்து குத்தித்தான் மேட்டைச் சரிசெய்தான்.

செம்பை நான்தான் தூக்கிவருவேன் என்று செண்பகம் அடம்பிடித்து வாங்கிக்கொண்டிருந்தாள். ஏரிக்கரை நெடுக இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, சிந்தாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு நடந்தாள். மேட்டுக்கு வந்து சேர்ந்ததும் நின்று அம்மாவைப் பார்த்தாள். முகமெல்லாம் வியர்வையும் புழுதியும்.

"யம்மா, ஒரு வாய்."

அம்மணியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"அய்ய, செத்தவங்களுக்குக் கொண்டாந்தத வாயில வெக்கக் கூடாதுடி" என்றாள் பாஞ்சாலி.

"குடி" என்றாள் அம்மணி.

செண்பகம் செம்பைத் தூக்கி, மூச்சு விடாமல் குடித்தாள். தண்ணீர் தாடையில் வழிந்து கழுத்தில் இறங்கியது. குடித்து முடித்துச் செம்புக்குள் எட்டிப் பார்த்தாள். பயந்துபோனாள். "தீந்துபூட்டுது" என்றாள்.

பனைமரத்தடிக்குப் போய்விட்டிருந்த சவுரிராயன் திரும்பி வந்தான். குழந்தையின் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினான். ஊற்றுக்குழி தூரம். அவன் குனிந்து சுரண்டுவது மேட்டிலிருந்து சின்னதாகத் தெரிந்தது. மெழுகுவர்த்திகள் காற்றில் அணைந்தன, மறுபடி ஏற்றினார்கள். சிலர் கிளம்பிப் போனார்கள். அம்மணி கிளம்பவில்லை.

அவன் வந்தான். செம்பை அம்மணியிடம் நீட்டவில்லை. மேட்டின் தலைமாட்டில், அவள் வழக்கமாகக் குந்துகிற இடத்தில் குந்தினான். சம்மட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. செம்பை ஒரேயடியாகச் சாய்த்ததில் தண்ணீர் குபுக்கென்று ஒரு பக்கமாகக் கொட்டியது. வெடித்த மண் அதை உடனே இழுத்துக்கொண்டது.

அம்மணி குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மெதுவா ஊத்துய்யா" என்றாள். "பொரை ஏறிடப் போவுது."